மாயவரம் கேட்டால் மாதவரம்

இந்த டிக்கெட் செயலிக்கு இரண்டரை நட்சத்திரம்தான் நியாயம். அரை நட்சத்திரம் கொடுக்க வழி வைக்கவில்லை, ஆகவே மூன்று. கூடுதலாகப் போன அந்த அரையைக் கடன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

கும்பகோணம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சந்தில் எனக்குக் கடை. 1994-இல் எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கியது. கைபேசி வந்து பூத் படுத்துவிட்ட பிறகு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கிப்போட்டேன். இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் மற்றும் பஸ் டிக்கெட். முறையாக அங்கீகாரம் வாங்கிய முகவர்தான். ஏழு மாதமாக இந்தச் செயலியின் முகவர் பதிப்பில் டிக்கெட் போடுகிறேன். சாதாரண நாளில் பத்துப் பதினைந்து, முகூர்த்த நாளென்றால் முப்பது தாண்டும். ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டு மறுநாள் திட்டி எழுதுகிறவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் உண்டு. பணம் செலுத்தும் பக்கத்தில் சுற்றிக்கொண்டே நிற்காது. ரத்து செய்தால் பணம் மூன்று நான்கு நாளில் திரும்பி வருகிறது. இதற்கு முன் வைத்திருந்த செயலியில் பத்து நாள் கழித்தும் வாடிக்கையாளர் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். டிக்கெட் விவரம் தமிழிலேயே அவர்கள் கைபேசிக்குப் போய்விடுகிறது. படம் போட்டு இருக்கையைக் காட்டுவதும் தெளிவு. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் எங்களைப் போன்ற முகவர்களுக்குக் கிடையாது என்பதால் அந்தப் பரபரப்பில் இது எப்படி என்று சொல்ல நான் ஆளில்லை.

என் புகார் முழுவதும் ஒரே இடத்தைப் பற்றியது. “எங்கிருந்து”, “எங்கே” என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அந்த இரண்டு கட்டங்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பையன், குத்தாலம் பக்கம், பெங்களூரில் வேலை. “அக்கா, மாயவரத்திலிருந்து பெங்களூருக்கு இன்று ராத்திரிக்கு ஒரு சீட் போடுங்கள்” என்றான். கையில் பசை, லேமினேஷன் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு வாயால் சொன்னேன். மாயவரம். பெங்களூர். இன்று. பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னலோரம் காலியாக இருந்தது, 850 ரூபாய், இரவு 9.30 மணி. போட்டேன். பையன் பணத்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போனான்.

ஒன்பதே முக்கால் மணிக்குக் கைபேசி அடித்தது. “அக்கா, பஸ் கிளம்பிவிட்டது என்கிறார்கள். நான் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன், எந்தப் பஸ்ஸும் வரவில்லை. டிரைவரிடம் பேசினால் ரெட்டேரி தாண்டிவிட்டோம் என்கிறார். ரெட்டேரி எங்கே இருக்கிறது?”

ரெட்டேரி சென்னையில் இருக்கிறது. டிக்கெட்டைத் திறந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஏறும் இடம்: மாதவரம். நான் சொன்ன ‘ய’ அதன் காதில் ‘த’ என்று விழுந்திருக்கிறது. நடுவில் ஓர் எழுத்து. தரையில் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்.

பையன் மேல் தவறில்லை. 850 ரூபாயையும் என் கையிலிருந்து கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அவன் மேலாளரிடம் என்ன சொல்லிச் சமாளித்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செயலிக்குப் புகார் எழுதினேன். “தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறுமிடத்திலிருந்து பேருந்து சரியான நேரத்தில் புறப்பட்டுள்ளது. பயணி வரவில்லை” என்று பதில் வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

மறுநாள் பொறுமையாக உட்கார்ந்து சோதித்தேன். மாயவரம் என்று கையால் தட்டச்சு செய்தேன்: “முடிவுகள் இல்லை. மாதவரம் என்று தேடுகிறீர்களா?” மாயூரம்: முடிவுகள் இல்லை. மயூரம்: இல்லை. மயிலாடுதுறை என்று முழுசாக அடித்தால் மட்டும் தலையாட்டுகிறது.

மாயவரம் யாரோ வாய் தவறிச் சொன்ன பெயர் இல்லை. 1982-இல் அரசு மயிலாடுதுறை என்று மாற்றுவதற்கு முன் ரயிலிலும் தபாலிலும் ஓடிய பெயர். ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது’ என்று பழமொழி கட்டிய ஊர். வேடிக்கை என்னவென்றால் புதுப் பெயர்தான் எல்லாவற்றிலும் பழையது. மயிலாடுதுறை தேவாரத்திலேயே இருக்கிறது. மயில் வடமொழிக்குப் போய் மயூரமாகி, மாயூரமாகி, ஜனங்கள் வாயில் மாயவரமாகித் திரும்பி வந்தது. 2020 டிசம்பரில் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. இருந்தும் என் கடைக்கு வருகிறவர்களில் ஐம்பது வயது தாண்டிய யாரும் மயிலாடுதுறை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் எழுதுவார்கள்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. மயிலாடுதுறை என்று அடித்ததும் அதற்குப் பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் ரயில்வேக் குறியீட்டைக் காட்டுகிறது: எம்.வி. இது மயிலாடுதுறையா? மாயவரம்! பலகையை மாற்றிய ரயில்வே குறியீட்டை மாற்றவில்லை. பெயரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு “முடிவுகள் இல்லை” என்கிறது.

ரயில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு இந்தக் குறியீடுகள் மனப்பாடம். திருச்சிக்கு டி.பி.ஜே. அதில் உட்கார்ந்திருப்பது டிரிச்சினோபாலி ஜங்ஷன். தஞ்சாவூருக்கு டி.ஜே., தஞ்சோர். காஞ்சிபுரத்துக்கு சி.ஜே., வெள்ளைக்காரர்களின் காஞ்சீவரம். விருதுநகருக்கு வி.பி.டி., அது விருதுபட்டியாக இருந்த காலத்தது. கேரளம் போனால் கொல்லத்துக்குக் கியூ.எல்.என்., குயிலோன். கண்ணூருக்கு சி.ஏ.என்., கன்னனூர். பாலக்காட்டுக்கு பி.ஜி.டி., பால்காட். கோழிக்கோட்டுக்கு சி.எல்.டி., காலிகட், நம் பெரியவர்கள் அதைக் கள்ளிக்கோட்டை என்பார்கள். கன்னியாகுமரிக்கு நான்கெழுத்து, நேராக ‘கேப்’ என்றே இருக்கிறது. கேப் காமரின். சென்னை சென்ட்ரலுக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், குறியீடு இன்னும் எம்.ஏ.எஸ்., மெட்ராஸ்தான்.

இந்தக் குறியீடுகளிலும் பள்ளம் இருக்கிறது. டி.சி.ஆர். என்று ரயில் பக்கத்தில் அடித்தால் திருச்சூர். விமானப் பக்கத்தில் அதே மூன்றெழுத்து தூத்துக்குடி, அதாவது டூட்டிகோரின். அதற்குச் செயலியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை போடலாம்.

எஸ்.டி.டி. பூத் காலத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஜனங்கள் சொல்லும் பெயர் இடப்பக்கம், அதற்கான எண் வலப்பக்கம். மாயவரம் 04364. டூட்டிகோரின் 0461, கீழேயே தூத்துக்குடி, அதே 0461. தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும்; பூத்துக்கு வருகிறவர் நாலு விதமாகச் சொல்வார், பின்னால் வரிசை நிற்கும், மீட்டர் ஓடும். அதனால் எழுதி வைத்தேன். டிக்கெட் தொழிலுக்கு வந்த பிறகு அதே நோட்டில் மூன்றாவது பத்தியாக ரயில்வேக் குறியீடுகளைச் சேர்த்தேன். குடந்தை, நாகை, நெல்லை, புதுகை, கோவை எல்லாம் உண்டு. நம் பஸ் பலகையில் பாதி அப்படித்தானே எழுதியிருக்கிறது? பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி என்று ஒரே ஊருக்கு நான்கு வரி. காரைக்காலிலிருந்து வரும் ஓர் அம்மாவின் பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ‘கரிகால்’ என்று இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டில் எனக்குப் பிடித்த வரி தரங்கம்பாடி. ஒரு முறை வெளிநாட்டுத் தம்பதி வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அந்தம்மா ‘டிரங்கேபார்’ என்று வாயாலும் சொன்னார். டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். 1620 முதல் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்த ஊர் அவர்கள் நாட்டின் கையில் இருந்தது. கடலோரக் கோட்டையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், “கல்வெட்டில் அதற்குச் சடங்கன்பாடி என்று பெயர், அம்மா, அதையும் எழுதிக்கொள்” என்றார். எழுதிக்கொண்டேன். சடங்கன்பாடிக்கு டிக்கெட் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் நான் தயார்.

செயலிக்காரர்களிடம் நான் கேட்பது இந்த நோட்டைத்தான். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஓர் ஊருக்குப் பக்கத்தில் அதன் மற்றப் பெயர்களையும் எழுதி வைப்பது. ஒரு மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டால் முடிந்துவிடும் வேலை.

அடுத்தது தமிழ்ப் பக்கம். ‘முழுவதும் தமிழில்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். பொத்தான்கள் எல்லாம் நல்ல தமிழ்தான், யாரோ அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். ஊர்ப் பெயருக்கு வந்ததும் அந்த ஆள் எங்கோ எழுந்து போய்விட்டார். விழுப்புரம் ‘வில்லுபுரம்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு எல் போட்டிருப்பதால் வந்த வினை. பழனி ‘பலனி’. முருகன் மன்னிப்பார், நான் மன்னிக்க மாட்டேன். கோழிக்கோடு ‘கோஜிக்கோடு’, ஆலப்புழை ‘ஆலப்புஜா’. இந்த ‘ஜ’ எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம் ‘ழ’ ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாகப் போய், அங்கிருந்து இந்திக்கு ‘ஜ’ போன்ற ஓர் எழுத்தாகப் போய், அதையே பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் போக டெல்லி சுற்றி வந்த கதை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையில் தமிழில் பெயர் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்து எழுதினால் என்ன?

எங்கள் ஊருக்கு ‘கும்பகோனம்’, இரண்டு சுழி. முதல் மாதமே புகார் அனுப்பினேன். நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலும் கும்பகோனம்.

ஆங்கிலத்தில் தேடினால் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. திருச்சிராப்பள்ளியின் ‘தி’க்கு எச் கிடையாது, திருவனந்தபுரத்தின் ‘தி’க்கு எச் உண்டு. எச் போட்டுத் திருச்சியைத் தேடினால் வராது. இதற்கு அரசாங்கங்களும் காரணம். 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வந்தது. ஒன்பது எழுத்தில் இருந்த டூட்டிகோரின், தூத்துக்குடியாகிப் பதினான்கு எழுத்து ஆனது. ‘டி-எச்’ மட்டுமே மூன்று இடத்தில். எதிர்ப்பு வந்து சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசே ஒரே எழுத்தில் நிற்காதபோது என் வாடிக்கையாளர் எப்படி நிற்பார்? அவர் எப்படி எழுதினாலும் கண்டுபிடிப்பதுதான் தேடல் பெட்டியின் வேலை.

குரல் தேடலில் இன்னொரு பொறி ஆடுதுறை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். ஆடுதுறை என்று சொன்னால் முதல் வரியில் மயிலாடுதுறை நிற்கிறது, ஆடுதுறை மூன்றாவது வரியில். விவசாயிகள் யாரைக் கேட்டாலும் ‘ஏடிடி 43’ நெல்லைத் தெரியும்; அந்த ஏடிடி என்பதே ஆடுதுறைதான். நாடெங்கும் விதையாகப் போன ஊர்ப் பெயர் பக்கத்து ஊரின் வாலாக நிற்கிறது.

போன மாதம் காசி. எழுபது வயதுத் தம்பதி, ஐயா முன்னாள் தபால்காரர். “காசிக்கு இரண்டு பேர், அம்மா. கீழ்ப் படுக்கை கிடைத்தால் புண்ணியம்.” காசி என்று அடித்தேன். சமர்த்தாகக் காசி வந்தது, குறியீட்டோடு. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து அங்கே ரயில் இல்லை என்றது. ஐயா சிரித்துவிட்டார். “காசிக்கு ரயிலே இல்லையா? அப்படியென்றால் பாரதியார் எப்படிப் போனார்?”

விஷயம் என்னவென்றால், கங்கைப் பாலத்தின் அருகே காசி என்ற பெயரில் தனியாகச் சின்ன ஸ்டேஷன் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. பெரிய ஸ்டேஷனுக்குப் பெயர் வாரணாசி. அதே நகரத்தில் மண்டுவாடி என்று இருந்த ஸ்டேஷனை 2021-இல் பனாரஸ் என்று மாற்றினார்கள். ராமேஸ்வரம் ரயில் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முகல்சராய் 2018-இல் தீனதயாள் உபாத்யாயா பெயருக்கு மாறிவிட்டது. ஒரே யாத்திரைக்கு நான்கு ஸ்டேஷன். செயலி எழுத்துப் பிசகாமல் நான் கேட்டதைக் கொடுத்தது, ஆனால் பெரியவர் கேட்டது அதுவல்ல. ‘அருகிலுள்ள நிலையங்களையும் காட்டு’ என்று ஒரு குறி போடும் இடம் இருக்கிறது. அது வடிகட்டிப் பக்கத்தின் அடியில் ஒளிந்து கிடக்கிறது. அதை மேலே கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. பனாரஸில் இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்தது, அது என் சாமர்த்தியம்.

சக முகவர்களுக்கு: குரல் தேடலை அணைத்துவிடுங்கள். ரயிலுக்குக் குறியீட்டையே அடியுங்கள், ஒரு நாளும் பிசகாது. பஸ்ஸுக்கு, பணம் செலுத்துவதற்கு முன்னால் ஏறும் இடத்தையும் மாவட்டத்தையும் வாடிக்கையாளர் காதில் விழும்படி படித்துக் காட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் சும்மா ஒரு டிக்கெட் போடுகிறவர்களுக்கு இந்தச் செயலி தாராளமாகப் போதும், மயிலாடுதுறை என்று எழுதத் தெரிந்தால்.

அந்தப் பெங்களூர்ப் பையன் தீபாவளிக்கு வந்திருந்தான். கடைக்கு வெளியே நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல், “ம-யி-லா-டு-து-றை-யிலிருந்து, அக்கா” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். எம்.வி. என்று அடித்து ரயிலிலேயே போட்டுக் கொடுத்தேன்.

என் நோட்டின் பதினான்கு பக்கங்களையும் ஸ்கேன் செய்து செயலியின் முகவரிக்குப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து புரியவில்லை என்றால் கேட்கட்டும், சொல்கிறேன். மாயவரம் தேடலில் வந்த அன்றைக்கு அரை நட்சத்திரக் கடனைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன். கும்பகோணத்துக்கு மூன்று சுழி போட்டால் நான்காக்கவும் ஆட்சேபணை இல்லை.